இடக்கைப் பின்னல்

சட்டத்தில் இழுத்துக் கட்டியிருந்த துணியில், கழுத்துப் பக்கத்துக் கடைசிச் சக்கரம் இடப்பக்கமாகச் சுற்றியிருந்தது.

எர்சிலியா கண்ணாடியைக் கழற்றி மேலாடை நுனியில் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு பார்த்தாள். சந்தேகமே இல்லை. நாற்பது வருடமாக அவளுடைய ஊசி வலப்பக்கமாகத்தான் போய் வருகிறது. வட்டம் போட்டு, குறுக்கும் நெடுக்குமாக நூல் இழுத்து, நடுவிலிருந்து ஒன்று மேலே ஒன்று கீழே என்று கோத்துக்கொண்டு போனால் சிலந்திவலை மாதிரி ஒரு சக்கரம் விரியும். அதனால்தான் அந்த வேலைக்கே ஞாந்துத்தி, சிலந்திவலை என்று பெயர். இதாகுவா ஊரில் பாதிப் பெண்களுக்கு அது தெரியும். எர்சிலியாவைக் கேட்டால், அவளைத் தவிர வேறு ஒருத்திக்கும் தெரியாது.

இந்தச் சக்கரத்தைப் போட்டது ஏதோ ஒரு தண்டக் கை. நூல் தொளதொளவென்று கிடந்தது. நடு முடிச்சு பட்டாணி அளவுக்கு இருந்தது. அதுவும் மகளின் கல்யாண உடையில்! ஒரு வருடமாகக் கண்ணைக் கெடுத்துக்கொண்டு, தோளிலிருந்து பாதம்வரை முழுக்கப் பின்னலாகவே இழைத்துக்கொண்டிருந்த உடை அது.

"நில்டா! என் சட்டத்துல கை வச்சியா?"

நில்டா முற்றத்து ஊஞ்சல் வலையில் படுத்துக் கால் நகத்துக்குச் சிவப்புப் பூசிக்கொண்டிருந்தாள். "எனக்கென்னம்மா பைத்தியமா? அதத் தொட்டா நீ என் கைய முறிச்சு அடுப்புல வச்சுருவே."

அதுவும் சரிதான். அவளுக்கு ஊசியில் எந்தப் பக்கம் கூர் என்பதே தகராறு. மூன்று பிள்ளைகளைக் கருவிலேயே பறிகொடுத்த பிறகு எர்சிலியாவுக்குப் பிறந்து தங்கியவள் நில்டா ஒருத்திதான். கணவன் போய்ச் சேர்ந்த பிறகு அந்த வீட்டில் மூச்சுவிடும் காரணமே அவள்தான். ஆனால் அதை ஒருநாளும் வாயால் சொன்னதில்லை. சோம்பேறி என்றும், மக்கு என்றும், கட்டிக்கப்போறவன் எப்படித்தான் உன்னோட குப்பை கொட்டுவானோ என்றும்தான் சொல்லிக்கொண்டிருப்பாள்.

அந்தச் சக்கரத்தைப் பிரித்து எறிந்துவிட்டுப் புதிதாகப் போட்டாள். கல்யாணத்துக்கு மூன்று வாரம்கூட இல்லை. மாதா திருநாளுக்கு முந்தின சனிக்கிழமை.

மறுநாள் மத்தியான உறக்கத்துக்குப் பிறகு வந்து பார்த்தால், மூன்று சக்கரங்கள் இடப்பக்கம் திரும்பியிருந்தன.

பூமியின் தென்பாதியில் நவம்பர் வெயில் என்றால் சும்மா இல்லை. பன்னிரண்டு மணிக்குச் சாப்பாடு முடிந்ததும் ஊரே கதவைச் சாத்திக்கொண்டு படுத்துவிடும். மூன்று மணிவரை தெருவில் ஒரு நாய்கூட நடமாடாது. அந்த ஊரில் பயம் ராத்திரிக்குச் சொந்தமானது அல்ல. ராத்திரியில் பாட்டு இருக்கும், சிரிப்பு இருக்கும், வாசலில் நாற்காலி போட்டு நாலு பேர் உட்கார்ந்திருப்பார்கள். பட்டப்பகலில், தகரக் கூரை வெயிலில் படக் படக்கென்று நெளியும் அந்த மூன்று மணி நேரத்தில்தான் பிள்ளைகளை வெளியே விடமாட்டார்கள்.

எர்சிலியா அதையெல்லாம் நம்பும் ஆளில்லை. முற்றத்தைச் சுற்றிப் பார்த்தாள். நாற்பது தொட்டிகள், எல்லாம் நல்ல செம்மண் தொட்டிகள், சுவரோரம் படை மாதிரி நின்றன. ஜெரேனியம், பிகோனியா, பெரணி, கொத்துக் கொத்தாக ரோஜா. வசந்தம் முடியப்போகிற நேரத்தில் அத்தனையும் பூத்துத் தள்ளிக்கொண்டிருந்தன. ஓரத்தில் ஒரு மூன்று நிற மல்லி. ஊதாவாக மலர்ந்து, மறுநாள் வெளிறி, மூன்றாம் நாள் வெள்ளையாகி உதிர்வது அதன் வழக்கம்.

இன்று காலை வெள்ளையாக மலர்ந்த பூக்கள் இப்போது ஊதாவாகிக்கொண்டிருந்தன.

"வெயில்ல செடிக்கே கிறுக்குப் பிடிச்சிருச்சு போல" என்று சொல்லிக்கொண்டாள். சொன்ன குரல் அவளுக்கே கொஞ்சம் உரக்கக் கேட்டது.

சாயங்காலம் எதிர்வீட்டுத் தொமாசா வந்தாள். இருவரும் கொம்புக் குவளையில் மூலிகைத் தண்ணீர் ஊற்றி மாற்றி மாற்றி உறிஞ்சிக்கொண்டிருந்தபோது, தொமாசாவின் கண் அந்த மல்லித் தொட்டியில் நின்றது.

"இது பசிலிசாவோட மல்லியாச்சே. அவ பின்கட்டுல துருப்பிடிச்ச எண்ணெய் டின்னுல வச்சிருந்தாளே?"

"ஆமா. கேட்டு வாங்கின செடி என்னிக்குடி வேர் பிடிச்சிருக்கு? திருடினாத்தான் பிடிக்கும். ஊருக்கே தெரிஞ்ச விஷயம்."

அதில் தப்பில்லை. அங்கே பூச்செடி வளர்க்கிறவள் எவளும் அடுத்த வீட்டுக் கிளையைக் கேட்டு வாங்கமாட்டாள். பேசிக்கொண்டே ஒன்றை ஒடித்து மடியில் செருகிக்கொள்வாள். வீட்டுக்காரி வேறு பக்கம் பார்ப்பாள். மறுவாரம் அவள் வந்து இங்கே ஒடிப்பாள்.

"எப்ப கிள்ளினே?"

"அவ சவத்தப் பாக்கப் போனோமே, அன்னிக்கு."

தொமாசா குவளையைக் கீழே வைத்தாள். "அடிப்பாவி! சவம் கூடத்துல கெடக்கறப்பவா? ஒம்பது நாள் ஜெபம் முடியாம அந்த வீட்டுலேர்ந்து துரும்பக்கூட எடுக்கக்கூடாதுன்னு தெரியாதா உனக்கு? உசிரோட இருக்கறவ கண்ண மூடிக்குவா. செத்தவ எப்படி மூடிக்குவா? பின்னாலயேதான் வருவா."

"வரட்டுமே. வந்தா ஒழுங்கா தைக்கக் கத்துக்குடுத்து அனுப்பறேன்."

எர்சிலியா சிரித்தாள். பசிலிசா இடக்கைக்காரி. ஆயுசு முழுக்கத் தைத்தாள், ஆயுசு முழுக்கத் தைக்கத் தெரியாமலே தைத்தாள். ஒவ்வொரு துணியையும் முடித்ததும் எர்சிலியாவிடம்தான் கொண்டுவந்து நிற்பாள். அது அந்த வேலையின் மரியாதை. தன் பின்னலைத் தானே முடிந்ததென்று சொல்லக்கூடாது. இன்னொரு கைக்காரி பார்த்து, நன்றாக இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொன்ன பிறகுதான் அடித்துணியைக் கத்திரியால் நறுக்கி எடுத்து, பின்னலை மட்டும் தனியாக நிறுத்தலாம். எர்சிலியா அந்த வார்த்தையைப் பசிலிசாவுக்கு ஒரு தரம்கூடச் சொன்னதில்லை. முப்பது வருடம் அவள் தலையைக் குனிந்துகொண்டு திரும்பிப் போவதைப் பார்த்ததில் ஒரு தனி ருசி இருந்தது. சவத்தின் மேல் அவளே பின்னிய போர்வையைப் போர்த்தியிருந்தபோதுகூட, தொமாசாவின் காதில், "இது மூடறதுக்கா, மீன் பிடிக்கறதுக்கா?" என்று கேட்டவள் எர்சிலியா. தொமாசா சிரிப்பை அடக்க இருமவேண்டியதாயிற்று.

மூன்றாம் நாள் மத்தியானம் அவள் படுக்கவில்லை. சட்டத்துக்கு எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். உள்ளறையில் நில்டாவின் மின்விசிறி கரகரத்துக்கொண்டிருந்தது. ஈரமண் வாசனையும் மல்லி வாசனையும் கலந்து முற்றம் கனத்துக் கிடந்தது. மல்லி வாசனைக்கு அடியில் இன்னொன்று மெல்ல ஏறியது. உருகிய மெழுகுவர்த்தி வாசனை. சவம் கிடந்த கூடத்தில் அடித்த அதே வாசனை.

டொப். சர்ர்ர்.

இழுத்துக் கட்டிய எதிலோ ஊசி இறங்கும் சத்தம். பின்னாலேயே நூல் ஓடும் சத்தம். அதைத் தூக்கத்தில் கேட்டால்கூட அவளுக்குத் தெரியும்.

டொப். சர்ர்ர்.

சட்டம் அவள் கண்ணெதிரில் அசையாமல் இருந்தது. சத்தம் தொட்டிகளிடமிருந்து வந்தது.

எழுந்து போனாள். மல்லிச் செடியில் உள்ளங்கை அகலத்துக்கு ஓர் இலை. அந்தச் செடிக்கு அவ்வளவு பெரிய இலை கிடையாது. இலை நாலு பக்கமும் விறைப்பாக இழுபட்டு நின்றது, யாரோ சட்டத்தில் கட்டிய மாதிரி. அதில் வெள்ளை நூலில் ஒரு சக்கரம். இடப்பக்கமாக. பச்சை இன்னும் ஈரம் காயாமல், நூல் நுழைந்த ஒவ்வொரு துளையிலும் பொட்டுப் பொட்டாகச் சாறு கசிந்துகொண்டிருந்தது.

ஓடியிருக்கலாம். தொமாசாவைக் கூப்பிட்டிருக்கலாம். பாதிரியாரைக்கூட வரச்சொல்லியிருக்கலாம். ஆனால் அவள் எர்சிலியா. பயத்தையும் மீறி அவள் மூக்கு சுருங்கியது.

"செத்தும் திருந்தலியாடி நீ? நடு முடிச்சப் பாரு, கழலை மாதிரி. நூல இழுத்துப் பிடி. பல்லு போன வாய் மாதிரி இருக்கு."

முற்றத்தில் எதுவும் அசையவில்லை. சத்தம் நின்றிருந்தது.

மறுநாள் அதே இலையில் பழைய சக்கரம் பிரிக்கப்பட்டு, புதிய சக்கரம் இருந்தது. நடு முடிச்சு சிறுத்திருந்தது. நூல் விறைப்பாக இருந்தது. கல்யாண உடையை யாரும் தொடவில்லை. அது போதும் என்று நினைத்தாள். செடியோடு போகட்டும், என் துணியை விட்டால் சரி. அன்றைக்கும் குறை சொன்னாள். ஓரம் கோணல் என்றாள். அதற்கு மறுநாள் ஓரம் நேராகியிருந்தது. இடைவெளி ஒழுங்கில்லை என்றாள். இடைவெளி ஒழுங்காயிற்று. பயந்துகொண்டே வந்தாள், வந்து நின்றதும் வாய் தானாகத் திறந்துகொண்டது. முப்பது வருடப் பழக்கம் அது. எட்டாம் நாள் அந்த இலையை வெயிலுக்கு நேராக ஏந்திப் பார்த்தபோது, அந்த ஊரில் தன்னைத் தவிர வேறு எவளாலும் அப்படிப் போட முடியாது என்பது அவளுக்கு உறைத்தது. வயிறு எரிந்தது.

"ம்... நல்லாத்தான் இருக்கு" என்றாள், வேண்டா வெறுப்பாக. உடனே பொறுக்கவில்லை. "ஆனா இலையில யாரு வேணாப் போடுவா. புழுகூடப் போடும். நாலு பேர் பாக்கற எடத்துல போட்டுக் காட்டு, அப்ப ஒத்துக்கறேன் நீ ஒரு கைக்காரின்னு."

அடுத்த நாள் மத்தியானம் இலையில் பச்சை இல்லை.

வெட்டப்பட்டிருந்தது. நரம்புகூட மிச்சமில்லாமல், நூலுக்கு நூல் நடுவில் இருந்ததெல்லாம் சுத்தமாக நறுக்கி எடுக்கப்பட்டு, காம்பின் நுனியில் வெறும் வெள்ளைப் பின்னல் மட்டும் காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. தொட்டிக்கடியில் பச்சைத் துணுக்குகள் கிடந்தன. ஒவ்வொன்றும் கத்திரி வைத்த விளிம்போடு.

அப்போதுதான் எர்சிலியா அலறினாள். அலறிக்கொண்டே செடியைத் தண்டோடு பிடித்து இழுத்தாள். மண் பொத்தென்று சரிந்தது. வேர்கள் தொட்டியின் உட்புறத்தைச் சுற்றிச் சுற்றி, வட்டத்துக்குள் வட்டமாக ஓடியிருந்தன. எல்லாம் இடப்பக்கமாக. எல்லாம் வெள்ளையாக. பின்கட்டில் போட்டு, மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்தினாள். பச்சைச் செடி அவ்வளவு சீக்கிரம் எரியாது. அது காய்ந்த துணி மாதிரி எரிந்தது. தொட்டியையும் சுவரில் அடித்து உடைத்தாள்.

"என்னம்மா ஆச்சு?" நில்டா கலைந்த தலையோடு வாசலில் நின்றாள்.

"பூச்சிடி. செடி முழுக்கப் பூச்சி. நீ உள்ள போ."

அதற்குப் பிறகு ஐந்து நாட்கள் ஒன்றும் நடக்கவில்லை. எர்சிலியா ஐந்து மத்தியானமும் கண்கொட்டாமல் உட்கார்ந்து பார்த்தாள். கரகரக்கும் மின்விசிறியும் தகரக் கூரையும் தவிர வேறு சத்தம் இல்லை. எரித்தது எரித்ததுதான், தொலைந்தாள் சனியன் என்று மெல்ல மூச்சு வந்தது. ஆறாம் நாள் கடைசி இழையை இழுத்து முடிந்தாள். தொமாசா வந்து, மூக்கு நுனியில் கண்ணாடியை இறக்கிக்கொண்டு அங்குலம் அங்குலமாகப் பார்த்து, "நல்லா இருக்குடி, ரொம்ப நல்லா இருக்கு" என்றாள். இருவரும் மரவள்ளிக் கஞ்சி போட்டு விறைக்கவைத்து, சிறு கத்திரியால் அடித்துணியை வெட்டி எடுத்தார்கள். பின்னல் உடை மட்டும் தனியாக நின்றது. ஊர் வாயைப் பிளக்கும். நில்டா போட்டுக்கொண்டு கண்ணாடி முன் சுற்றிச் சுற்றி நின்றாள். எர்சிலியா குனிந்து உடையின் விளிம்பை நேராக்கினாள். "நில்லுடி ஒழுங்கா, கோணக்கால்" என்றாள்.

வெள்ளிக்கிழமை. விடிந்தால் கல்யாணம். சாப்பிட்டதும் நில்டா போய்ப் படுத்துக்கொண்டாள். நாளை தூங்க முடியாது, இன்றைக்குத் தூங்கு என்று எர்சிலியாவே அனுப்பினாள். தானும் நாற்காலியில் சாய்ந்தாள். பல நாள் விழித்த உடம்பு. கண் இழுத்துக்கொண்டு போயிற்று.

மெழுகுவர்த்தி வாசனை.

கண்ணைத் திறந்தாள். வெயில் சுவரில் அப்படியே இருந்தது. மின்விசிறிச் சத்தம் இல்லை. மின்சாரம் போயிருக்க வேண்டும். தொட்டிகள் சும்மா நின்றன. உடை கொடியில் தொங்கியது. ஓடிப்போய் அதை உதறிப் பார்த்தாள். தோள், கழுத்து, இடுப்பு. எல்லாம் வலப்பக்கம். எல்லாம் அவளுடையது.

டொப். சர்ர்ர்.

உடையிலிருந்து இல்லை.

டொப்.

வீட்டுக்குள்ளிருந்து.

கூடத்தைக் கடப்பதற்குள் இரண்டு தரம் சுவரைப் பிடித்துக்கொண்டாள். அறைக்கதவு ஒருக்களித்திருந்தது. தள்ளினாள்.

நில்டா புழுக்கத்துக்குச் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டுக் குப்புறப் படுத்திருந்தாள். கைகள் இரண்டும் தலைக்கு மேல் நீட்டி இழுபட்டிருந்தன. கால்களும். முதுகுத் தோல் விறைப்பாக, ஒரு சுருக்கமில்லாமல் இருந்தது.

முதுகு முழுக்கச் சக்கரங்கள்.

தோள்பட்டையிலிருந்து இடுப்புவரை. வெள்ளை நூலில். இடப்பக்கமாக. மூச்சு ஏறினால் எல்லாச் சக்கரங்களும் விரிந்தன. இறங்கினால் சுருங்கின. ஒரு சொட்டு ரத்தம் இல்லை. நூல் ஏறி இறங்கிய இடங்களில் மட்டும் சின்னச் சின்னச் செம்புள்ளிகள். இடத் தோளுக்கு மேல், அந்தரத்தில், ஊசி.

பிடிக்க ஒரு கையும் இல்லை. வெறும் ஊசி. நின்றிருந்தது.

எர்சிலியா பாய்ந்து நூலைப் பிடித்து இழுத்தாள். நில்டாவின் உடம்பு முழுக்கத் துள்ளியது. கண்ணைத் திறக்காமலே ஒரு சத்தம் வந்தது அவளிடமிருந்து, பிரசவ அறையில்கூட எர்சிலியா அப்படி ஒன்றைக் கேட்டதில்லை. கையை விட்டாள்.

"அம்மா" என்றாள் நில்டா தூக்கத்திலேயே. "முதுகு கூசுதும்மா."

ஊசி நின்றிருந்தது. அவள் பக்கமாகத் திரும்பி நின்றிருந்தது. காத்திருந்தது. எதற்கென்று அவளுக்குத் தெரிந்தது. முப்பது வருடமாகப் பசிலிசா இப்படித்தானே வாசலில் வந்து காத்திருந்தாள்.

நன்றாக இருக்கிறது என்று ஒரு வார்த்தை. சொல்லிவிட்டால் வேலை முடிந்தது. வேலை முடிந்தால்?

படுக்கையருகே மேசையில் சிறு கத்திரி வாய் திறந்து கிடந்தது.

எர்சிலியா மகளின் முதுகில் குனிந்தாள். தேடினாள். வாழ்நாளில் எதையும் அப்படித் தேடியதில்லை. ஒரு கோணல். ஒரு தளர்ச்சி. ஒரே ஒரு தப்பு முடிச்சு, மாதாவே, ஒன்றே ஒன்று. முதல் வரிசை. இரண்டாம் வரிசை. கண்ணீர் மறைத்தது, துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தாள். கொய்யாப்பூ, மாட்டுக் குளம்பு, மல்லி மொட்டு என்று ஒவ்வொரு பின்னல் வடிவமாக. எண்ணிப் பார்த்தாள். அளந்து பார்த்தாள்.

ஒரு குறையும் இல்லை.

அவள் போட்ட எதிலும் இவ்வளவு சுத்தம் இருந்ததில்லை.

கத்திரி மேசையில் லேசாக உராய்ந்தது.

"இ... இந்த ஓரம்" என்றாள் எர்சிலியா. "இந்த ஓரம் சரியில்ல. கோணலா இருக்கு. பிரிச்சுப் போடு."

ஊசி ஒரு கணம் அப்படியே நின்றது. பிறகு, முப்பது வருடம் குனிந்த அதே தலையைப் போல, மெல்லத் தாழ்ந்தது. ஓரத்துச் சக்கரத்துக்குள் இறங்கியது. நூல் தோலுக்குள்ளிருந்து அங்குலம் அங்குலமாக உருவி வெளியே வந்தது. நில்டா தலையணையைக் கடித்துக்கொண்டு முனகினாள்.

பிரித்தது. மறுபடி பின்னியது. நின்றது. திரும்பியது. முன்னைவிட நன்றாக இருந்தது.

வெளியே மூன்று மணிக்கு ஊர் எழுந்துகொண்டது. கதவுகள் திறந்தன. வாசலில் தொமாசா, "எர்சி, பந்தல்காரன் வந்துட்டான்டி!" என்று கூப்பிட்டாள். எர்சிலியா மகளின் தலையை ஒரு கையால் அணைத்துக்கொண்டு, முகத்தை முதுகோடு சேர்த்துக் குனிந்து, "இதுவும் சரியில்ல" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். "நூல் தளர்ந்திருக்கு. இதுவும் சரியில்ல. இதையும் பிரி."